எந்த வண்டி ஓட்டறீங்க சாமி?

இன்று திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுத் தம்பி போனில் பேசிக்கொண்டு வந்தார்.

"தூங்க விடாம ஓட்டச் சொல்றாங்க. சங்கம் வேணும்தான். மொதக் கையெழுத்து நான் போட்டா என்னைய வேலைய விட்டே தூக்கிருவாங்க."

போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டிய என் மகனும் இதையேதான் சொல்வான். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"எந்த ரிக்குங்க சாமி?" என்றேன்.

"ரிக்கு இல்லீங்கம்மா, ஏரோப்ளேனுங்க."

"என் பையனும் கையெழுத்துப் போடப் பயந்தானுங்க. தூக்கத்துல லாரியைப் புளியமரத்துல உட்டுச் செத்துப் போயிட்டான்."

சேலத்தில் இறங்கும்போது அவர், "கையெழுத்துப் போடறேனுங்கம்மா" என்றார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு மேலே விமானச் சத்தம். உள்ளே என் மகன் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது.

விமானத்தில் போகிறவர்கள் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் ராத்திரி தூங்கினாரா என்று யாரிடம் கேட்பீர்கள்?