கயிற்றுக்கு அந்தப் பக்கம்

கல்லூரியில் ஒரு வாரத்துக்கு எனக்குக் கொடுத்த கேமராவில் ஐம்பது எம்.எம். லென்ஸ் இருந்தது. அதில் ஜூம் கிடையாது. எதுவும் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும்.

கண்காட்சிக்கு ஒரே ஒரு படம் கேட்டிருந்தார்கள். கரையில் நிற்கும் படகின் மூக்குக்குப் பின்னாலிருந்து சூரியன் எழ வேண்டும் என்று மனதுக்குள் எடுத்தே வைத்திருந்தேன். பாகூரிலிருந்து அப்பா விடியுமுன் வண்டியில் கொண்டுவந்து மூர்த்திக்குப்பம் கடற்கரையில் விட்டுவிட்டு, கரும்புக்குத் தண்ணீர் கட்டத் திரும்பிப் போவார். ஆறு நாளும் மேகம். ஏழாம் நாள் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அன்று பத்து மணிக்குக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

கடலின் விளிம்பு சிவந்த பிறகுதான் படகிலிருந்து தள்ளி நிற்கிறேன் என்று தெரிந்தது. இருபது அடி முன்னே போனால் போதும். ஆனால் நடுவில் ஒரு கயிறு. கடலில் விட்ட பெரிய வலையைப் பத்துப் பதினைந்து பேர் வரிசையாகப் பின்னுக்குச் சாய்ந்து கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு என் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. காலைத் தூக்கினேன்.

“ஏ பொண்ணு! கயித்தத் தாண்டாத!”

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூடையோடு மீனுக்குக் காத்திருந்த ஓர் அக்கா கத்தினார்.

“ஒரே ஒரு போட்டோக்கா. சூரியன் வந்துடும்.”

“வரட்டும். நாளைக்கு வராதா இன்னா?”

“நாளைக்கு கேமரா இருக்காதுக்கா.”

“எந்த ஊருடி நீ?”

“பாகூரு.”

“உங்க களத்துல நெல்லு குவிச்சிருக்கசொல்ல நான் செருப்போட ஏறி வரட்டா?”

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். போகாதே என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஆனால் போன அறுவடையில், நெல்லை மிதித்த லாரிக்காரரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சத்தம் போட்டதும் நான்தான். தூக்கிய காலைக் கீழே வைத்தேன்.

“கரை மேல கயிறு சுத்திக் கெடக்குது பாரு, அதுக்கு அந்தாண்ட போயி வா. ஓடு!”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடினேன். இழுப்பவர்கள் எல்லோரையும் கடந்து, சுருளைச் சுற்றிக்கொண்டு படகருகே வந்து சேர்ந்தபோது சூரியன் மேலே ஏறி வெளுத்திருந்தது. படகும் சூரியனும் ஒரே சட்டத்துக்குள் வரவில்லை. அழுகை வந்தது. வேறு வழியில்லாமல் திரும்பி, வெளிச்சத்துக்கு எதிரே கயிறு இழுப்பவர்களை எடுத்தேன்.

“எங்க, காட்டு,” என்று அக்கா எட்டிப் பார்த்தார். “அட, ஒருத்தன் மூஞ்சியும் தெரியல. எல்லாம் அடுப்புல வெச்ச சட்டியாட்டம் இருக்கானுங்க!”

பத்து மணிக்குக் கல்லூரியில் அந்தப் படத்தைத்தான் கொடுத்தேன். கண்காட்சிக்கு அதை எடுத்துக்கொள்ளவில்லை. சூரிய உதயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சூரியனே இல்லையே என்று ஆசிரியர் கேட்டார்.

“நடுவுல கயிறு இருந்துச்சு சார்,” என்றேன்.

“தாண்டிப் போக வேண்டியதுதானே?”

“தாண்டக் கூடாது சார்,” என்று சொல்லிவிட்டு, லென்ஸில் ஒட்டியிருந்த மணலை ஊதித் துடைத்துக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தேன்.