தஸாதித் சுமந்த குடம்

எங்கள் மலையில் எழுபத்தெட்டு வயதிலும் ஆலிவ் மரம் ஏறுகிறவள் தஸாதித் ஒருத்திதான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள்; எண்ணெய் விற்றே இரண்டு மாடி வீடு கட்டியவள். இதையெல்லாம் யாரும் கேட்காமலே அவளே சொல்லிவிடுவாள்.

பிரெஞ்சுக்காரனோடு சண்டை நடந்தபோது, காட்டில் இருந்த நம் ஆட்களுக்கு அவள் தண்ணீர்க் குடத்தோடு, சிப்பாய்களுக்குத் தெரியாமல் மருந்து கொண்டுபோனாள். அவளையும் அவள் கூட்டாளிப் பெண்களையும் கொண்டாட ஊர்ச் சந்தியில் சிமெண்டுச் சிலை வைத்தார்கள். திறப்பு விழாவன்று காலை, மூடியிருந்த துணியை விலக்கி எட்டிப் பார்த்தாள். சிலைப் பெண் தலையில் குடத்தோடு ஒய்யாரமாக நின்றாள்.

"மொக்ரான், இது யாரு?"

"நீங்கதான் யெம்மா," என்றான் பட்டணத்துச் சிற்பி.

"தலையில தூக்குறது பள்ளத்தாக்குக்காரிங்க. நாங்க முதுகுல கட்டுவோம். முதுகுக்கும் குடத்துக்கும் நடுவுலதான் மருந்து. தலையில குடம் இருந்தா மருந்தை எங்க வெச்சேன், மூக்குலயா? பாக்குற பிள்ளைங்க எல்லாம் கிழவி புளுகிட்டான்னு சொல்லும்."

விழாத் தலைவர் பெலயித் ஓடிவந்தார். "சாயங்காலம் விருந்தாளிங்க வர்றாங்க யெம்மா. எங்க இருந்தா என்ன, குடம் குடந்தானே?"

"சட்டையைக் கால்ல மாட்டிக்கிட்டு வா, அப்புறம் பேசுவோம். இப்ப உன் போனைக் குடு."

ஊற்றுக்குப் போய்க் குடத்தை நிரப்பினாள். கம்பளிக் கச்சையால் முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மேடேறினாள். பின்னால் பாதி ஊர், அதற்கும் பின்னால் மேளம். சந்தியில் நின்றாள்.

"நீதான் சிப்பாய். உன் போன்தான் மருந்து. தேடு."

பெலயித் குடத்துக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். விழாச் சட்டை தொப்பலாக நனைந்தது. கையில் வந்தது தண்ணீர்தான். கூட்டத்தில் நின்ற அவர் மனைவி வேண்டுமென்றே தன் போனில் அவர் நம்பரை அழுத்தினாள். தஸாதித்தின் முதுகில் போன் பாட ஆரம்பித்தது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"அப்ப மருந்து மணி அடிக்கல, அதனால பொழச்சேன்," என்றாள் தஸாதித்.

மொக்ரான் சிலையின் தலையிலிருந்த குடத்தை அறுத்தெடுக்க ரம்பத்தை எடுத்தான். சாயங்காலம் வந்த விருந்தாளிகள் மூடிய துணியைப் பார்த்து, கூஸ்கூஸ் சாப்பிட்டு, துணியைச் சுற்றி ஆடிவிட்டுப் போனார்கள்.

நான்காம் நாள் சிலையைத் திறந்தார்கள். கைதட்டப் போனவர்களைத் தஸாதித் நிறுத்தினாள். குடத்துக்கும் சிலையின் முதுகுக்கும் நடுவே கையை விட்டு, மேலும் கீழும் தடவிப் பார்த்தாள்.

"ம். இடம் தாராளமா இருக்கு."

அப்புறம் அவளே முதல் குலவையிட்டாள்.