இளவரசன் இட்ட ஏழு

மீன்சுருட்டியைச் சேர்ந்த இளவரசன், அரியலூர்ச் சுரங்கங்களிலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரியின் ஓட்டுநர். இடையில் பதினோரு ஆண்டுகள், 2011 முதல் 2022 வரை, சென்னைக்கு அருகே ஒரு நிறுவனத்தில் ஸ்போர்ட்ஸ் கார்களைச் சோதித்து ஓட்டினார். விற்பனைக்கு வராத கார்களை மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி நிறுத்துவதும், இறங்கியவுடன் பிரேக், ஸ்டீயரிங் முதலியவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் எழுதுவதும் அவர் பணி. காரில் அளவுக் கருவிகள் இருந்தன. எனினும் ஓட்டுபவரின் கை கால் உணர்ந்ததைப் பதிய இந்த மதிப்பெண் படிவம் தனியாக இருந்தது.

2022 மார்ச் 14 அன்று ஓட்டிய காரில், மூன்றாவது முறை நிறுத்தியபோது பிரேக் மிதி அதிகம் கீழிறங்கியது. பிரேக்குக்கு நான்கு என்று எழுதினார். படிவத்தைப் பார்த்த பொறியாளர் மகேஷ் சிரித்தார்.

"கல்லு லோடு அடிச்ச காலுங்க உங்களுது. நீங்க மிதிச்சா தரையே எறங்கிடும், பிரேக் எறங்காதா?"

"மூணாந் தடவ தொய்யுது சார். கால்ல தெரியுது."

"மெஷின்ல தெரியலையே. அடுத்த வாரம் உங்க கான்ட்ராக்ட் பேப்பர் என் டேபிளுக்கு வருது. வேற ஃபாரம் தரேன், யோசிச்சு எழுதுங்க."

புதிய படிவத்தில் இளவரசன் ஏழு என்று எழுதிக் கையொப்பமிட்டார். பழையதை மகேஷ் கிழித்துவிட்டார். ஏழு என்ற எண்ணை மகேஷ் வாயால் சொல்லவில்லை என்பதை இளவரசனே இதை எழுதும் என்னிடம் இருமுறை கூறினார்.

மார்ச் 16 அன்று அதே காரைப் பெரம்பலூர் அரவிந்தன் ஓட்டினார். இளவரசனுடன் ஒரே அறையில் தங்கியிருந்தவர். பிரேக் பிடிக்காமல் கார் தடுப்புச் சுவரில் மோதியது. அரவிந்தனின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. நிறுவனம் அவரது கவனக்குறைவே காரணம் என்றது. மருத்துவமனையில் இளவரசன் உண்மையைச் சொன்னபோது அரவிந்தன் கேட்டது ஒன்றுதான்: "அத வெசாரணையில வந்து சொல்லிடுங்கண்ணே."

"சொன்னா இருக்கற வேலையும் போயிடும்ங்க" என்றார் இளவரசனின் மனைவி மேகலா. ஆனாலும் இளவரசன் விசாரணைக்குச் சென்றார், முதலில் நான்கு எழுதியதாகச் சொன்னார். விசாரணைக்குழு இரண்டாம் படிவத்தை நீட்டியது.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"ஏழு நீங்க போட்டதுதானே?"

"ஆமாங்க."

கிழித்த தாளுக்கு வேறு சாட்சி இல்லை. அரவிந்தன் மீதான குற்றச்சாட்டு நிலைத்தது. இளவரசனின் ஒப்பந்தமும் முடிக்கப்பட்டது.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அரவிந்தன் கேட்டார்:

"ஏண்ணே, ரெண்டு நாள் ஒரே ரூம்லதான இருந்தோம். எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"