உறவினர்: இல்லை

பதுளைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் சமூக சேவை உத்தியோகத்தர். பெயர்தான் பெரிது. காலையிலிருந்து மாலைவரை பேச வேண்டும், பேசியதை எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. எழுதுவது சிங்களத்தில். அங்கே இருந்த நான்கு தமிழ் முதியவர்களோடு பேசுவது தமிழில். "தமிழ் ஆள் என்றால் மிஸ் வரட்டும்" என்பது இல்லத்தில் எழுதாத சட்டம். தமிழ் ஆளுக்குத் தலைவலி வந்தால், அந்தத் தலைவலியும் நான் வரும்வரை காத்திருக்க வேண்டும். இதில் எனக்குக் கோபம் வரும். கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன செய்ய?

காலை எட்டு மணிக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி நிற்போம். மேட்ரன் பெரிய புத்தகத்தைத் திறப்பார். யார் தூங்கினார், யாருக்கு வயிற்றால் போனது, யார் மருந்தைத் துப்பினார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுவோம். எல்லாவற்றுக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு கட்டம் உண்டு. பிற்பகல் முழுவதும் வெளிவாசலைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தால் அதற்கு மட்டும் கட்டம் கிடையாது. "மனநிலை நன்று" என்று எழுதி முடித்துவிடுவேன். மாலையில் டவுனில் இருக்கிற என் போர்டிங் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால், என் மனநிலையைக் கேட்கவும் ஆள் இல்லை. அதனால் அந்தப் பொய் எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை.

அந்த நால்வரில் ஓர் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து எங்களிடம் வந்தவர். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆயுசு முழுக்கக் கொழுந்து எடுத்தவர். மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துபோனது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் மகனுக்கு இருந்தது ஒற்றை அறை, ஒரே காம்பரா. அதில் மருமகளும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். கக்கூஸுக்குப் போக நாற்பது படி இறங்க வேண்டும். அந்த இடுப்போடு நான்கு படிகூட இறங்க முடியாது.

எங்கள் இல்லமோ பார்க்க ஆளில்லாதவர்களுக்கானது. மகன் இருக்கிறார் என்று படிவத்தில் எழுதினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். வார்டில் கட்டிலருகே உட்கார்ந்து இதை நான் சுற்றிவளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கையை ஆட்டி நிறுத்தினார்.

"மகன் இருக்கான்னு எழுதுனா எடுக்க மாட்டாங்கன்னா, இல்லேன்னு எழுதிரு புள்ள. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

மகன் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றிருந்தார். எல்ல என்னும் சுற்றுலா டவுனில் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஆட்டோ ஓட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும். சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். 'உறவினர்' என்ற கட்டத்தில் நான் 'இல்லை' என்று எழுதினேன். கிராம சேவகரும் கண்டும் காணாததுபோல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தோம்.

பிறகு அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "ஒண்ணே ஒண்ணு புள்ள. எனக்கு ஏதாச்சும் ஆனா அவனுக்குச் சொல்லிறணும். அவன் கையால மண்ணு போடணும். யாரோ போடுற மண்ணு எனக்கு வேணாம்."

"சொல்லாம இருப்பேனா?" என்றேன். மகனின் நம்பரை என் போனில் போட்டுக்கொண்டேன். கோப்பில் எழுத முடியாது, இல்லாத மகனுக்கு ஏது நம்பர்?

மகன் பௌர்ணமிக்கு விடுகிற போயா லீவுகளில் பார்க்க வருவார். வருகையாளர் புத்தகத்தில் 'உறவு முறை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'தோட்டத்து ஆள்' என்று எழுதச் சொல்லிக் கொடுத்தது நான். உள்ளே 'அம்மா' என்று கூப்பிடக் கூடாது, 'பெரியம்மா' என்று கூப்பிடுங்கள் என்றதும் நான். வேலையாட்களோடு பேச்சுக் கொடுக்காதீர்கள், வாய் தவறி உளறிவிடுவீர்கள் என்றும் சொன்னேன். மனிதர் அதை அப்படியே கேட்டார். தண்ணீராகச் சிங்களம் பேசுகிறவர், எங்கள் வாசலுக்குள் வந்தால் ஊமை. அவருக்குச் சிங்களமே தெரியாது என்று மேட்ரனும் மற்றவர்களும் முடிவுகட்டிவிட்டார்கள்.

இருவரும் கொய்யாமரத்தடி பெஞ்சில் உட்கார்வார்கள். அவர் பண்டாரவளையில் வாங்கிய பனிஸைப் பிட்டுக் கொடுப்பார். அந்த அம்மா பேரப்பிள்ளைகளைப் பற்றி, யார் வீட்டுப் பிள்ளைகளோபோல விசாரிப்பார். "அந்தச் சின்னது பள்ளிக்கொடம் போவுதா?" "போவுது பெரியம்மா." அவர் போன பிறகு அன்றைக்கு முழுவதும் அந்த அம்மா யாரோடும் பேச மாட்டார். ஒருமுறை நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைக் காட்டி, "கணக்கப்புள்ள வந்துட்டாரு, இன்னைக்கு எனக்குப் பேரு போட்டாச்சா?" என்று கிண்டல் செய்தார். தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களின் பெயரைக் குறிப்பவர் கணக்கப்பிள்ளை. நானும் சிரித்துவிட்டு, 'மனநிலை நன்று' என்று எழுதினேன்.

இந்த ஏற்பாட்டை வேறு ஒருவரிடமாவது நான் சொல்லியிருக்க வேண்டும். மேட்ரன் கண்டிப்பானவர், ஆனால் கல்நெஞ்சு இல்லை. தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. தமிழ் ஆட்களின் காரியம் என் காரியம் என்று இருந்துவிட்டேன்.

அப்படியிருக்க என்னைக் கொழும்புக்கு இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தலைப்பு என்ன தெரியுமா? பராமரிப்பு இல்லங்களில் தொடர்பாடல். வகுப்பில் நான்தான் கெட்டிக்காரி. தகவல் ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது என்று எழுந்து நின்று பதில் சொல்லிப் பாராட்டு வாங்கினேன். போன்களைக் காலையிலேயே ஒரு கூடையில் போடச் சொல்லிவிடுவார்கள். ஒருநாள் மாலை போனை எடுத்தால், மேட்ரன் கூப்பிட்டிருந்தார். ஒரே ஒரு தடவை. அலுமாரிச் சாவியைக் கேட்கத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நாளைக்குப் பேசுகிறேன் என்று செய்தி அனுப்பினேன். மறுநாள் மறந்துபோனேன்.

பயிற்சி முடிந்து ரயிலில் பதுளை வந்து இறங்கிய நாள் போயா. அறைக்குப் போகாமல் பையோடு நேரே இல்லத்துக்குப் போனேன். மேட்ரன் வாசலிலேயே என்னை நிறுத்தினார். அந்த அம்மாவுக்குச் சளி நெஞ்சில் கட்டி, ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் முடிந்துவிட்டதாம். கோப்பில் உறவினர் இல்லை. மறுநாளே டவுன் மயானத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். "தமிழ் முறைப்படி ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன் மிஸ்" என்றார். குற்றம் சொல்லும் குரல் அல்ல. அவர் செய்த எல்லாமே கோப்பின்படி சரி.

அப்புறம் கொய்யாமரத்தைக் காட்டினார். "அந்தத் தோட்டத்து ஆள் வந்து அரைமணி நேரமாகிறது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு நம் பாஷை தெரியாதே. மிஸ் வரட்டும் என்று இருந்தோம்."

பெஞ்சில் அவர் பனிஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவை எப்போது அழைத்து வருவார்கள் என்று வார்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் நான் நடந்த நீளமான தூரம் அந்த முற்றம்தான். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், போனில் வந்த அந்த அழைப்பையும் சேர்த்து. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மண்ணு யாருங்க போட்டது?" என்று மட்டும் கேட்டார்.

இல்லத்து வேலையாள் ஒருவர் என்று சொன்னேன். அந்த வேலையாளையே இடம் காட்டக் கூட்டிக்கொண்டு, மகனுடைய ஆட்டோவிலேயே மூவரும் மயானத்துக்குப் போனோம். ஓரமாக, வேலிப் பக்கம், மண் இன்னும் அமுங்காமல் இருந்தது. தலைமாட்டில் ஒரு சிறு பலகை, அதில் ஓர் எண். மகன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். பனிஸ் பையைக் கீழே வைத்தார். ஒரு பிடி மண்ணை அள்ளியவர், போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

எனக்குப் பின்னால் அந்த வேலையாள் நின்றார். மகன் திரும்பி முதலில் அந்த வேலையாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, தமிழில் என்னிடம் கேட்டார்.

"இப்ப அம்மான்னு கூப்பிடலாங்களா, மிஸ்?"