விளக்குக் கொக்கி

"உதிலதான் அன்ரி அந்தக் காலத்துச் சரவிளக்குத் தொங்கினது" என்று மேலே கை காட்டினாள், வீட்டைச் சுற்றிக் காட்டும் தமிழ்ப்பிள்ளை. விக்டோரியா காலத்துச் செங்கல் வீடு. இப்போது அதைப் பாதுகாத்து, பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள். முன்னறைச் சீலிங்கில் சாந்தால் வார்த்த பெரிய பூ, அதன் நடுவில் கறுத்த இரும்புக் கொக்கி.

எனக்குக் கிறீச் கிறீச் என்று கேட்டது.

அறை அறையாக இந்த வீட்டை வாடகைக்கு விட்ட காலத்தில் நாங்கள் இருந்தது இதே முன்னறையில். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டார் வீட்டுக்காரர். தம்பி பிறந்தபோது, அவனைப் போட்டு ஆட்டச் சேலையில் ஏணை கட்ட இடம் தேடிய அம்மா அண்ணாந்து பார்த்தார். அப்பா ஏணி இரவல் வாங்கிக் கொக்கியில் கயிறு கட்டினார். பிறகு கயிற்றைப் பிடித்துத் தொங்கி, ஊஞ்சலும் ஆடினார்.

"இறங்குங்கோப்பா, வீடு தலையில விழப்போகுது!" என்று கத்தினார் அம்மா.

"ஒண்டும் விழாது. பிள்ளையைத் தாரும்."

சீலிங் அவ்வளவு உயரம் என்பதால் கயிறும் நீளம். ஒருமுறை ஆட்டிவிட்டால் ஏணை வளைந்த ஜன்னல் வரை போய் ஆறுதலாகத் திரும்பி வரும். அந்தக் கிறீச் சத்தம் கேட்டால் மாடியில் இருந்தவர்கள் பிள்ளை எழும்பிவிடக் கூடாது என்று படிகளில் மெதுவாக இறங்குவார்கள்.

"விளக்கைத் திருப்பிக் கொழுவப் பயப்பிடுகினம், அன்ரி. கொக்கி தாங்குமோ தெரியாதாம்" என்றாள் பிள்ளை.

"பயப்பிடாமல் கொழுவச் சொல்லு" என்றேன். "என்ர அப்பா ஊஞ்சலாடிப் பார்த்த கொக்கி உது."