கழற்றச் சொன்ன தாலி

இருமலோடு வந்த ஒரு பெண்ணைக் கேலி பேசித் துரத்தியவன் நான்.

அப்போது பதுளையில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தேன். அவள் மடுல்சீமைத் தோட்டத்துப் பெண். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு அண்மையில்தான் திரும்பியிருந்தாள்.

"தாலியக் கழத்தி வச்சிட்டு நில்லு" என்றேன்.

"வீட்டுக்காரர் இருக்காருங்க ஐயா, வெறுங்கழுத்தா எப்படி? கொஞ்சம் பொறுங்க, கடைத்தெருவுக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"குவைத்துல கண்டவன் வீட்டுல இருந்தப்ப இந்தச் சாஸ்திரமெல்லாம் எங்க போச்சு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் அவளுடைய படத்தைக் கேட்டார். அவள் வரவேயில்லை என்று பொய் சொன்னேன். "சளியில் ரத்தம் வந்தது, எப்படியாவது தேடிப் பிடியுங்கள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமைக்கு பஸ் ஏறினேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவள் கணவர் என்னை உட்காரவைத்து, பிளேன்டீ போட உள்ளே போனார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்குச் சொன்னத இவருகிட்டச் சொல்லிறாதீங்க."

"தப்புப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சிரு."

"கடைத்தெருவுக்கு எதுக்குன்னு நீங்க கேக்கவே இல்லியே. கயித்துல ஒரு மஞ்சத் துண்டக் கட்டிக்கிட்டா தாலியக் கழத்தலாமுங்க. எங்கம்மா தாலிய அடகு வைக்கிறப்பல்லாம் அப்படித்தான். பாதி நாள் மஞ்சளோடதான் திரிஞ்சிச்சு."

சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. அது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். என் மனைவியே செய்திருக்கிறாள்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். விரலி மஞ்சளும் கயிறும் வாங்கி வைத்திருந்தேன். திரைக்குப் பின்னால் கணவரே கட்டிவிட்டார். பிறகு தாலியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். படம் எடுத்தேன். காசநோய்.

டாக்டரிடம் என் பொய்யை ஒப்புக்கொண்டேன். வீணான இரண்டு வாரமும் என்னால்தான் என்று அவளிடமும் சொன்னேன். "மாத்திரை எங்கங்க குடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஆறு மாத மருந்தில் குணமானாள். ஆனால் அவளுடைய சின்ன மகளுக்கும் தொற்றியிருந்தது. அந்தப் பிள்ளையும் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கித் தேறினாள்.

அன்றிலிருந்து எக்ஸ்ரே அறையில் மஞ்சளும் கயிறும் வைத்தேன். பெண்களிடம் பேச ஒரு தாதியை அமர்த்தும்படி டாக்டரிடம் கெஞ்சி, அதையும் நடக்கவைத்தேன். பல தோட்டத்துப் பெண்கள் அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துப் போனார்கள். அந்த மடுல்சீமைப் பெண் மட்டும், மறுபடி படம் எடுக்க வந்தபோது, வீட்டிலேயே மஞ்சள் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.