அந்தம்மா எங்கே உட்கார்ந்திருந்தார்?

பள்ளி ஆசிரியர் அறைத் தொலைபேசியில்தான் அந்தச் செய்தி வந்தது. கூப்பிட்டவர் நம் வாசகர் வட்டச் செயலாளர். "சார், அஞ்சலை டீச்சர் தவறிட்டாங்க. மாரடைப்பு. நாளைக்கு எடுக்கிறாங்க. நினைவு மலர்ல நீங்கதான் எழுதணும். பழைய சண்டையெல்லாம் வேணாம்லா, நல்லதா எழுதுங்க" என்றார். அடப்பாவி! அவர் உடம்பு வீட்டுக்கு வந்து சேருமுன்பே என்ன எழுதக்கூடாது என்பது முடிவாகிவிட்டது.

நல்லதாகத்தான் எழுதுகிறேன். அதனால்தான் சண்டையை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் நாம் நடத்திய கருத்தரங்கு உங்களுக்கு மறந்திருக்காது. பழைய தேவதைக் கதைகளைக் கார்ட்டூன் படமாக்கியது சரியா தவறா என்று ஒரு பகல் முழுக்க வாதாடினோம். தலைநகரிலிருந்து வந்த விரிவுரையாளர், மூலக்கதையின் கொடூரத்தையெல்லாம் துடைத்துவிட்டுப் பாட்டும் ஆட்டமுமாக ஆக்கிவிட்டார்கள் என்று கொதித்தார். நம் வட்டத் தலைவரோ, காலத்துக்கேற்பக் கதை மாறத்தான் வேண்டும் என்றார். இரண்டு பேருக்கும் பலத்த கைதட்டல்.

அப்போது அஞ்சலை டீச்சர் எழுந்தார். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாய் இருந்தபோதே தாயை இழந்தவர். அவரை வளர்த்தது அப்பாவின் இரண்டாம் மனைவி முனியம்மா. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி அப்படிப்பட்ட ஒரு படத்தைக் காட்டிய கதையை டீச்சர் சொன்னார். படம் ஆங்கிலம் என்பதால் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒலிபெருக்கியில் தமிழில் கதை சொல்லிக்கொண்டே வந்தாராம். மாற்றாந்தாய் திரையில் வரும்போதெல்லாம், "பாத்துக்குங்க, சின்னம்மான்னா இப்படித்தான்" என்று சேர்த்துக்கொண்டாராம். திடலே சிரித்தது. பாயில் உட்கார்ந்திருந்த முனியம்மாவைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். விடியுமுன் பால்மரம் சீவப் போய், தன் பங்குச் சோற்றையும் அஞ்சலைக்கு ஊட்டிய மனுஷி, பாயைச் சுருட்டிக்கொண்டு லயத்து வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் அவர் வரவில்லை.

"பழைய கதையில சின்னம்மா கெட்டவ. புதுப் படத்துல இன்னும் கெட்டவ. அப்புறம் எதைத்தான் மாத்துனாங்க? எதைக் காப்பாத்தணும்னு நீங்க அடிச்சிக்கிறீங்க?" என்று மேடையைப் பார்த்துக் கேட்டார் டீச்சர். "படம் ஓடுற எடத்துல அந்தம்மா எங்க உக்காந்திருக்காங்கன்னு யாராச்சும் பாத்தீங்களா?"

விரிவுரையாளர் புன்னகைத்தார். "இது உணர்ச்சிம்மா, ஆய்வு இல்ல" என்றார். நம் தலைவரும் தலையாட்டினார். காலையிலிருந்து அடித்துக்கொண்ட இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். டீச்சர் விடவில்லை. அதையே கட்டுரையாக எழுதிக் கொடுத்தார். ஆண்டு மலரில் மற்ற எல்லாருடைய கட்டுரையும் வந்தது. இவருடையதை மட்டும் 'சொந்தக் கதை' என்று திருப்பிக் கொடுத்தார்கள். "அப்ப ராஜா வீட்டுக் கதையெல்லாம் யாரோட சொந்தக் கதைண்ணே?" என்று என்னிடம் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாவு வீட்டில் நடந்ததற்கு வருகிறேன். வாய்க்கரிசி போடும் நேரம். தலைவர் முன்னால் நின்று, "பெத்த தாய் இல்லாத குறை கடைசிவரைக்கும் இருந்துச்சு, பாவம்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். "சொந்தக்காரங்க மொதல்ல வாங்க" என்றார் யாரோ. அத்தைமார், பெரியப்பா மக்கள் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். முனியம்மா சமையலறை வாசலில் கைப்பிடி அரிசியோடு நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவரும் நகரவில்லை.

இத்தனை படித்தவர்கள் கூடிய வீட்டில்! "நிறுத்துங்க! வளத்த தாய் அங்க நிக்கிறாங்க, கண்ணு தெரியலயா?" என்று கத்தினேன். சாவு வீட்டில் கத்தியதற்காக உங்களில் சிலருக்கு என்மேல் வருத்தமாம். இருக்கட்டும். கூட்டம் விலகியது. முனியம்மா வந்தார். அரிசியைப் போட்டார். "சாப்பிடு கண்ணு" என்றார்.

இரங்கல் கூட்டத்தில் டீச்சரின் பொறுமையைப் புகழ்ந்தீர்கள். பொறுமையா! அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். அவர் கேட்ட கேள்வியையும் வைத்துக்கொள்கிறேன். இனி யார் எந்தக் கதையைப் பற்றிப் பேசினாலும், அந்தம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கத்தான் போகிறேன்.

அன்று திருப்பிக் கொடுத்த கட்டுரையை டீச்சர் என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்; அதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மலரில் முதலில் அதைப் போடுங்கள். முதல் பிரதியை முனியம்மா கையில் கொடுங்கள். அதற்கு மனமில்லை என்றால் இதையும் போடாதீர்கள். நல்லதாக எழுதச் சொன்னீர்கள். அவர் எழுதியதைவிட நல்லதாக எனக்கு எழுதத் தெரியாது.